ரோஜாவுக்குப் பின்னால் நின்றவர்

தொண்ணூறுகளின் கடைசியில், மலேசியாவில், நெகிரி செம்பிலானில், ரந்தாவ் பட்டணத்தில் நடந்தது இது. அப்போது நான் அங்கே ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வீடியோ தொழில் செய்துகொண்டிருந்தேன். கீழே ஒரு சீனரின் சைக்கிள் கடை. மேலே ஏற மரப்படி. மாடித் தரையும் பலகைதான், ஒருவர் நடந்தால் மேசையெல்லாம் ஆடும். அந்தப் பலகைத் தரைக்கும் நான் சொல்லப்போவதற்கும் சம்பந்தம் இருப்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுற்றியிருந்த தோட்டங்களில் கல்யாணமோ, காதுகுத்தோ, கோயில் திருவிழாவோ, சாவோ, எதுவாக இருந்தாலும் கேமராவை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவேன். நான் ஒன்றும் பெரிய கலைஞன் இல்லை. வாய் நீளம், பொறுமை கிடையாது. குறுக்கே வந்து நிற்கிறவர்களைத் திட்டுவேன். மாப்பிள்ளையையே தலையைத் தூக்கச் சொல்லி அதட்டியிருக்கிறேன். ஆனால் சொன்ன நாளில் வேலையை முடித்துக் கொடுப்பேன். அதனால் கூப்பிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் கேசட் போய் விசிடி வந்தது. தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில்கூட நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் விசிடி பெட்டி வந்துவிட்டது. எல்லாம் கரோக்கே போட்டுப் பாட்டுப் பாடுவதற்காக வாங்கியது. கேசட்டில் பூஞ்சை பிடிக்கிறது, சிடியில் போட்டுக் கொடு என்று எல்லாரும் கேட்க ஆரம்பித்தார்கள். நானும் ஒரு கம்ப்யூட்டரும் சிடி எழுதும் பெட்டியும் வாங்கி, சிரம்பானில் ஒருவரிடம் பத்து நாள் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொண்டு வந்தேன்.

இன்றைய பிள்ளைகளுக்கு அந்த வேலை புரியாது. கேமரா கேசட்டில் எடுத்ததைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டு ஏற்ற வேண்டும். வேண்டாததை வெட்டி, பாட்டுச் சேர்த்து, பூவும் புறாவும் போட்டு, பிறகு அதை விசிடிக்கு மாற்ற வேண்டும். அது மாறி முடிக்க அரை நாள் ஆகும். கடைசியில் சிடித் தட்டில் எழுத வேண்டும். ஒரு தட்டில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் அதிகமாக அடங்கும், அவ்வளவுதான். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு தட்டு என்பது எங்கள் வழக்கம். கேசட்டில் நாலு மணி நேரம் இருக்கும். அதை இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்க வேண்டும். கல்யாணத்துக்கு யார் வந்தார்கள், யார் எங்கே நின்றார்கள் என்று பத்து வருஷம் கழித்துச் சாட்சி சொல்லப்போவது அந்தத் தட்டுதான். அதில் யார் இருக்க வேண்டும், யார் போக வேண்டும் என்று முடிவு செய்கிறவன் நான். இது எவ்வளவு பெரிய பொறுப்பு என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வெட்டிக்கொண்டே இருந்தேன்.

அந்தக் கல்யாணம் ரந்தாவிலிருந்து மோட்டாரில் அரை மணி நேரத்தில் போகிற ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில், தோட்டத்துக் கோயிலிலேயே நடந்தது. பெண்ணுக்கு அப்பா இல்லை. அவள் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டாராம். அம்மாதான் ரப்பர் பால் மரம் வெட்டி, தோட்டத்தார் அந்த மரங்களை அழித்துச் செம்பனை நட்ட பிறகு புல் வெட்டி, அவளைப் படிக்க வைத்தார். ஒரே பிள்ளை. மாப்பிள்ளை பகாவ் பக்கம், பள்ளிக்கூடத்தில் வாத்தியார்.

தாரை வார்த்துக் கொடுத்தது பெண்ணின் சித்தப்பாவும் சித்தியும். விதவை மணவறைப் பக்கம் வரக்கூடாது என்பது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம். என் கல்யாணத்தில் என் அம்மாவும் சமையல் கொட்டகையில்தான் நின்றார். அதை ஒரு தப்பென்று நான் அதுவரை நினைத்ததில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோல அது பாட்டுக்கு இருந்தது.

தாலி கட்டும் நேரத்துக்கு நான் மணவறைக்கு எதிரே ஒரு நாற்காலியில் ஏறி நின்றுகொண்டேன். ஒரே கேமரா. தாலி கட்டுவதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருந்தேன். அப்போது படத்தின் இடது ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், பெண்ணின் அம்மா வந்து நின்றார். வெளிர் மஞ்சள் சேலை, வெறும் நெற்றி, கையில் ஒரு பிடி மஞ்சளரிசி. எப்படி அங்கே வந்தார் என்று நான் பார்க்கவில்லை. தள்ளிப் போங்கம்மா என்று கத்தலாமா என்று நினைத்தேன். மேளம் உச்சத்தில் இருந்தது, கத்தினாலும் கேட்காது. அப்படியே எடுத்தேன்.

மறுவாரம் கடையில் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தேன். பந்தியில் அந்த அம்மா இலைக்கு இலை குனிந்து கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிற காட்சி பத்து நிமிஷம் இருந்தது. இரண்டு தட்டில் அடங்கவில்லை என்று பந்தியைத் தூக்கினேன். பந்தியில் என்ன இருக்கிறது, எல்லாரும் வாயைத் திறந்து சாப்பிடுகிறார்கள், யார் பார்க்கப்போகிறார்கள்? மணவறையில் மொய் கொடுத்தவர்கள் வரிசையை மட்டும் ஒருவர் விடாமல் வைத்தேன். அதில் ஒரு முகம் குறைந்தாலும் சண்டைக்கு வருவார்கள். விதவைகள் அந்த வரிசையில் வருவதில்லை. போட்டோ எடுக்க வந்த ஆளும் மணவறை ஏறி நின்றவர்களைத்தான் எடுத்தான்.

தாலி கட்டும் இடம் வந்தது. அதை வெட்ட முடியாது. படத்தில் அந்த அம்மா நிற்கிறார். இதற்கு முன்னால் ஒரு கல்யாணத்தில், தாலி கட்டும்போது ஒரு விதவை அத்தை தெரிகிறார் என்று மாப்பிள்ளை வீட்டுக்காரர் கேசட்டை என் மேசைமேல் வீசிவிட்டுப் போயிருக்கிறார். அந்தச் சூடு எனக்கு இருந்தது. இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நானாகவே முடிவு செய்தேன். கம்ப்யூட்டரில் பூ, விளக்கு, இதயம் என்று ஒட்டுவதற்கு நிறைய இருந்தன. அதில் ஒரு சிவப்பு ரோஜாக்கொத்தை எடுத்தேன். கீழிருந்து முளைத்து வளர்ந்து, படத்தின் இடது பக்கத்தை அடைத்துக்கொண்டு பூத்து நிற்கும். தாலி முடிச்சு விழுந்து, கேமரா வலப்பக்கம் திரும்பும்போது வாடி இறங்கிவிடும். அந்த அம்மா நின்ற இடத்தில் அதை வைத்தேன். அளவாக மூடியது. ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை.

நானே இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து என் புத்தியை மெச்சிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மெச்சிக்கொண்டேன்.

தட்டுகளை நானே தோட்டத்துக்குக் கொண்டுபோனேன். பெண் வீட்டுக்கு ஒரு சோடி, பெண்ணுக்குக் கொடுத்தனுப்ப ஒரு சோடி. அந்த அம்மா வீட்டில் விசிடி பெட்டி இல்லை. பக்கத்து வீட்டில், கங்காணி வேலை பார்க்கும் மண்டோர் வீட்டில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், லயமே அங்கே கூடிவிட்டது. வீடியோக்காரன் முதல் தடவை கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது தோட்டத்து வழக்கம். குறை இருந்தால் முகத்துக்கு நேரே சொல்வார்கள், நன்றாக இருந்தால் சோறு போடுவார்கள். எனக்கு நாற்காலி போட்டார்கள். அந்த அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார். அன்றைக்கு நல்ல சேலை கட்டியிருந்தார். தன் வீட்டிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வருவதற்கு யாரும் நல்ல சேலை கட்டுவதில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

படம் ஓடியது. ஒவ்வொரு முகம் வரும்போதும் சிரிப்பு, கிண்டல். மொட்டைத் தலை தெரிகிறது, சேலை விலகியிருக்கிறது, இவன் ரெண்டு தடவை சாப்பிட வந்திருக்கிறான் பார் என்று ஒரே சத்தம். தாலி கட்டும் இடம் வந்தது. ரோஜா முளைத்தது. பிள்ளைகள் கைதட்டின. மண்டோர் மனைவி மட்டும் முன்னால் சாய்ந்து பார்த்தார்.

"ஏ, நீ அந்தத் தூணு பக்கத்துலதானே நின்ன? எங்க லா ஒன்ன காணோம்?"

இன்னொரு பெண் சிரித்தார். "அதான் ரோஜாப்பூவா மாறி நிக்கிறாளே, தெரியல?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை, முகம் மாறவும் இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது தட்டு முடியும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு எங்காவது வருவோம் என்று பார்த்திருக்கிறார் என்பது இப்போது தெரிகிறது. வரவில்லை. நாலு மணி நேரத்தில் நான் வைத்திருந்த இரண்டு மணி நேரத்தில், பெற்று வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள் ஒரு இடத்திலும் இல்லை.

அந்த அம்மாவே சோறு போட்டார். கோழிக்கறி. நான் கை கழுவும்போது செம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"நல்லாதான் இருக்கு தம்பி. அந்தப் பூ ரொம்ப அழகா இருக்கு."

என்னிடம் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. குறை சொன்னால் சண்டை போட்டிருப்பேன், பதிலும் சொல்லியிருப்பேன். அவர் பூ அழகாக இருக்கிறது என்றார். மோட்டாரில் வரும் வழியில் கொஞ்ச தூரம் அது என்னவோ செய்தது. ரந்தாவ் வருவதற்குள் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் மத்தியானம் நான் ஒரு தட்டு எழுதிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்து எழுதும் பெட்டி ஒரு சனியன். எழுத ஆரம்பித்தால் முடிகிறவரை எதையும் தொடக்கூடாது. கம்ப்யூட்டரில் வேறு எதைத் திறந்தாலும் தட்டு வீண். மின்சாரம் சிமிட்டினால் வீண். பலகைத் தரையில் யாராவது நடந்து மேசை ஆடினாலும் வீண் என்பது என் நம்பிக்கை. அன்றைக்குக் காலையிலிருந்து மூன்று தட்டு வீணாகியிருந்தது. கொடுக்க வேண்டிய ஆள் சாயங்காலம் வந்துவிடுவான். நான் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து திரையில் ஏறும் எண்ணையே முறைத்துக்கொண்டிருந்தேன்.

மரப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அந்த அம்மா. கையில் ஒரு பிளாஸ்டிக் பை. கடைசிப் படியிலிருந்து ஒரு காலைப் பலகைமேல் வைத்துவிட்டார்.

"நடக்காதீங்க! அங்கேயே நில்லுங்க!"

நான் கத்திய கத்தில் கீழே சைக்கிள் கடைக்காரர் வேலையை நிறுத்திவிட்டு மேலே பார்த்தாராம். அந்த அம்மா காலை எடுத்துக்கொண்டார். ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் கையைக் காட்டி இருக்கச் சொன்னேன். பேசினால் தட்டு கெட்டுவிடாது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் பேசவிடவில்லை. அவ்வளவு எரிச்சல் எனக்கு.

அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தட்டு நல்லபடியாக முடிந்தது. எடுத்து ஓட்டிப் பார்த்து, உறையில் போட்டு, பெயர் எழுதி, அதன் பிறகுதான் படியை எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. மேல்படியில் அந்தப் பை மட்டும் இருந்தது. உள்ளே ரம்புத்தான் பழம். கீழே இறங்கிக் கேட்டேன். சீனர் கையைத் துடைத்துக்கொண்டே, அந்த அம்மா இவ்வளவு நேரம் படியில்தான் உட்கார்ந்திருந்தது, தோட்டத்துப் பஸ் வந்ததும் ஓடிவிட்டது என்றார். அந்தத் தோட்டத்துக்கு ஒரு நாளைக்கு ஓடுவது மொத்தம் மூன்று பஸ்.

எதற்கு வந்தார் என்று யோசித்தேன். இன்னொரு சோடி தட்டு வேண்டுமாக இருக்கும், வேண்டுமென்றால் திரும்ப வருவார் என்று விட்டுவிட்டேன். ரம்புத்தானைத் தின்றேன். நல்ல இனிப்பு.

அப்போது அந்தக் கல்யாணக் கேசட் என் அலமாரியில்தான் இருந்தது. இதைப் பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், உங்களுக்கும் சொல்கிறேன். அன்றைக்கு அது என் தலைக்கு மேலே, கைக்கு எட்டுகிற தூரத்தில், சீட்டு ஒட்டி, இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. தட்டைக் கொடுத்து மூன்று மாதம்வரை கேசட்டை வைத்திருப்போம். யாரும் குறை சொல்லி வராவிட்டால் அதன்மேலேயே அடுத்த கல்யாணத்தை எடுத்துவிடுவோம். எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். மூன்று மாதம் முடிந்தது. சீட்டைக் கிழித்தேன். லிங்கி பக்கம் ஒரு கல்யாணத்துக்கு அந்தக் கேசட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அதற்கு நாலைந்து மாதத்துக்குப் பிறகு ஒருநாள் காலை, கடை திறந்ததும் ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். பெண் வயிறு தள்ளியிருந்தாள், படி ஏறியதில் மூச்சு வாங்கினாள். யாரென்று எனக்கு உடனே தெரியவில்லை. எத்தனையோ மணப்பெண்களைப் பார்த்தாயிற்று, அலங்காரம் இல்லாமல் பார்த்தால் அடையாளம் தெரியாது. அவர் அந்தத் தோட்டத்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

அம்மா போய்விட்டாராம். பத்து நாள் முன்னால், காலைப் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களின் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லிவிட்டு அப்படியே சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. சாவுக்குப் படம் வைக்க வேண்டுமென்று வீட்டைத் தேடியிருக்கிறார்கள். ஐசியில், அதாவது அடையாள அட்டையில் இருந்த படத்தைத் தவிர வேறு படமே இல்லை. பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய படம். அதைப் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்கள். முகம் மங்கி, புள்ளி புள்ளியாக, யாரோ போல இருந்ததாம்.

அந்தப் பெண் கைப்பையிலிருந்து ஒரு துணியை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நான் கொடுத்த தட்டு. அம்மா வீட்டுச் சோடியில் முதல் தட்டு.

"அண்ணே, இதுல தாலி கட்டுற எடத்துல ஒரு ரோஜாப்பூ வருதுல்ல. அத மட்டும் எடுத்துட முடியுமாண்ணே? அம்மா அதுக்குப் பின்னாலதான் நிக்கிது."

 அவளுக்கு ஒரு திரைச்சீலையை விலக்குவது மாதிரிதான் அது. பூவை எடுத்தால் பின்னால் அம்மா நிற்பார் என்று நம்பி, வயிற்றுப் பிள்ளையோடு பகாவிலிருந்து பஸ் மாறி வந்திருக்கிறாள். தட்டில் எழுதிய பிறகு பூவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. பூதான் படம். அதை நான் எப்படிச் சொல்வது?

அவளே தொடர்ந்து சொன்னாள்.

"அம்மா ஒங்க கடைக்கு வந்துச்சாம். நீங்க வேலையா இருந்தீங்களாம். 'கேசட்டு தம்பிகிட்ட பத்திரமா இருக்கும், பேரப்புள்ள பொறந்தப்புறம் மாத்திக்கலாம்'னு சொல்லிச்சு. அதான் நாங்களும் சும்மா இருந்துட்டோம்."

எனக்குத் தப்புத் தெரிந்தால் முதலில் வருவது கோபம். அன்றைக்கும் அதுதான் வந்தது. குரலை உயர்த்தினேன். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் கேசட்டை வைத்திருப்பதில்லை, வேண்டுமென்றால் அப்போதே சொல்லியிருக்க வேண்டும், ஆளாளுக்குக் கேசட்டை வைத்துக் காவல் காக்க முடியுமா என்று பேசிக்கொண்டே போனேன். இரண்டு பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நான் பேசிப் பேசி, என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டு, நிறுத்தினேன்.

பிறகு உண்மையைச் சொன்னேன். பூவுக்குப் பின்னால் ஒன்றுமில்லை. கேசட்டில் வேறு கல்யாணத்தை எடுத்துவிட்டேன்.

அவள் அப்போதும் நம்பவில்லை. அந்தக் கேசட்டைத் தேடி எடுத்து ஓட்டிக் காட்டினேன். லிங்கிக் கல்யாணம் வந்தது. வேறு பெண், வேறு மாப்பிள்ளை, வேறு கோயில். கடைசியில் ஏதாவது மிச்சம் இருக்குமோ என்று முழுவதும் தள்ளிப் பார்த்தேன். அந்தக் கல்யாணம் கேசட்டின் ஓரம்வரை போயிருந்தது. அதன் பிறகு வெறும் நீலத் திரை.

மாப்பிள்ளை திரையிலிருந்து என் பக்கம் திரும்பினார். 

"யாராச்சும் சொன்னாங்களாண்ணே, அத்தைய மறைக்கச் சொல்லி? எங்க வீட்டு ஆளுங்களா?"

யாரும் சொல்லவில்லை என்றேன்.

 அவர் சொன்னதை இங்கே எழுதுவது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. தாலி கட்டுவதற்கு முன்னால் அவரே தன் அக்காவை அனுப்பி, சமையல் கொட்டகையிலிருந்து அத்தையைக் கையைப் பிடித்து இழுத்து வரச் செய்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்பே, மகள் கழுத்தில் தாலி ஏறுவதை அத்தை பார்க்காவிட்டால் கட்டமாட்டேன் என்று தன் பெரியப்பா, மாமா எல்லாரிடமும் சண்டை பிடித்திருக்கிறார். ஒரு வாரம் வீட்டில் பேச்சுவார்த்தை நின்று, கடைசியில் பெரியவர்கள் வழிக்கு வந்திருக்கிறார்கள். மஞ்சளரிசியை அந்த அம்மா கையில் கொடுத்தது மாப்பிள்ளையின் அம்மாவே. அத்தனை பேர் சேர்ந்து, அத்தனை காலத்துப் பழக்கத்தைத் தள்ளிவைத்து, அந்த அம்மாவைக் கொண்டுவந்து தூண் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நான் கடையில் உட்கார்ந்து ஒரு பூவை வைத்து அவரை மறுபடி கொட்டகைக்கு அனுப்பிவிட்டேன்.

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன்.

அந்தப் பெண் தட்டைத் திரும்ப நீட்டினாள். பரவாயில்லை, இங்கேயே ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள், அம்மா போனதிலிருந்து பார்க்கப் பயமாக இருக்கிறது, தனியாகப் பார்க்க முடியவில்லை என்றாள். போட்டேன். மேளம் உயர்ந்தது. ரோஜா முளைத்து வளர்ந்தது. மாப்பிள்ளை குனிந்து முடிச்சுப் போட்டார். அரிசி விழுந்தது.

"நிறுத்துங்க. கொஞ்சம் பின்னால போங்கண்ணே."

பின்னால் போய் மறுபடி ஓட்டினேன். அவள் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பலகை ஆடியது, நான் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாரும் முன்னாலிருந்தும் வலப்பக்கத்திலிருந்தும்தான் அரிசி போட்டார்கள். ஆட்கள் நின்றது அங்கேதான். முடிச்சு விழுந்து மற்ற அரிசியெல்லாம் அடங்கிய பிறகு, இடது பக்கத்திலிருந்து, அந்த ரோஜாவின் விளிம்பைத் தாண்டி, ஒரே ஒரு பிடி அரிசி வந்தது. மெதுவாக, தாழ்வாக, மற்றவர்கள் எறிகிற மாதிரி இல்லாமல், வைக்கிற மாதிரி வந்து பெண்ணின் தலைமேல் விழுந்தது. எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறேன். நான் அதைப் பார்த்ததே இல்லை. பூ சரியாக மூடுகிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"அது அம்மா போட்டது" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அழுதாள். அவர் அவளைப் பிடித்துக்கொண்டார். நான் சன்னல் பக்கம் போய் நின்றேன். கீழே சீனர் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது அவள் ஒன்று கேட்டாள். அந்த அரிசி வருகிற இடத்தை மட்டும் தனியாக ஒரு தட்டில் போட்டுத் தர முடியுமா என்று. செய்தேன். தட்டிலிருந்து அந்த இடத்தை மட்டும் வெட்டியெடுத்து, வேகத்தைக் குறைத்து, திரும்பத் திரும்ப வருவதுபோல அடுக்கினேன். பாட்டுப் போடவில்லை. பெயர் போடவில்லை. ரோஜாவை மட்டும் எடுக்க முடியவில்லை, அது இருந்தது. தொழில் செய்த காலத்தில் நான் செய்ததிலேயே சின்ன வேலை அது, தட்டில் முக்கால்வாசி காலியாக இருந்தது. எழுதும்போது இரண்டு தடவை வீணாகி, மூன்றாவது தடவை வந்தது. நானே மோட்டாரில் பகாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து மைலோ கலந்து கொடுத்தார்கள். சுவரில் அந்த ஐசி படம் மாலையோடு இருந்தது. எவ்வளவு பணம் என்று மாப்பிள்ளை கேட்டார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதன் பிறகு கேசட்டை அழிப்பதை நிறுத்தினேன். அலமாரி நிறைந்து, தரையில் அடுக்கி, கடைசியில் அத்தனைக்கும் பூஞ்சை பிடித்தது. பூஞ்சை பிடித்த கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டது நியாயம்தான். இன்னும் சில வருஷம் தொழில் செய்தேன். கம்ப்யூட்டரிலிருந்து அந்த ரோஜாவை எடுத்துவிட்டேன். வேறு பூவும் போடவில்லை. தாலி கட்டும்போது யார் நின்றாலும் அப்படியே வைத்தேன். இரண்டு பேர் சண்டைக்கு வந்தார்கள், வந்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இதனாலெல்லாம் அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் அரை மணி நேரம் என் படியில் உட்கார்ந்திருந்தார், நான் எட்டிப் பார்க்கவில்லை. அதை எந்த மெஷினிலும் வெட்ட முடியாது.

இப்போது எனக்கு வயதாகிவிட்டது, கல்யாணங்களுக்கு விருந்தாளியாகத்தான் போகிறேன். முடிச்சு விழும் நேரத்தில் எல்லாரும் தாலியைப் பார்க்கிறார்கள். நான் மட்டும், கடைசியாக வருகிற அந்த ஒரு பிடி அரிசி எந்தத் தூணுக்குப் பின்னாலிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.